எரியும் விளக்கு எதனைச் சொல்கின்றது?

மோட்டார் வண்டி ஓட்டுவோருக்கு மனக்கலக்கம் தரும் சிறு பொருள்களுள் ஒன்று, சாரதியின் கண்முன் உள்ள மானிப் பலகையில் திடீரெனத் தோன்றும் மஞ்சள் விளக்கு. இயந்திரத்தின் உருவம் பொறித்த அவ்விளக்கைக் கராஜ்களிலே 'செக் எஞ்சின்' விளக்கு என்பார்கள். வண்டி புதிதாயின் விற்றவரிடமே கொண்டுசென்று விடலாம். இருபது ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்த பிக்கப் வண்டியாயின் நிலைமை வேறு. அதன் சொந்தக்காரர் பெரும்பாலும் அவ்வண்டியைக் கொண்டே பிழைப்பவர். அது ஒரு நாள் நின்றால் அவருக்கு ஒரு நாள் வருமானம் இல்லை. திருத்தத்திற்குச் செலவிடும் பணமோ, வண்டியின் விலையையே எட்டிவிடக் கூடும்.

இந்நிலையில் மக்கள் இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்து கொள்கிறார்கள். சிலர் விளக்கின்மேல் ஒரு துண்டுக் கறுப்பு நாடாவை ஒட்டிவிட்டு ஓட்டத்தைத் தொடர்வர். வேறு சிலர், யாரோ சொன்ன உதிரிப்பாகத்தை வாங்கி மாட்டுவர். விளக்கு அணையாவிடின் அடுத்ததை வாங்குவர். முன்னவர் இயந்திரத்தை இழக்கலாம். பின்னவர் பணத்தை இழப்பது உறுதி. நேயர்களே, இவ்விரண்டுக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அவ்விளக்கு எதனைச் சொல்கின்றது, எதனைச் சொல்லவில்லை என்று அறிந்து, காரணத்தை ஒழுங்காகத் தேடிச் செல்வதே அவ்வழி.

முதலில் இவ்விளக்கு எவ்வாறு பிறந்தது என்று பார்ப்போம். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரை 1940ஆம் ஆண்டுகளிலே கண் எரிக்கும் மங்கலான புகைமூட்டம் சூழத் தொடங்கியது. அம்மூட்டம் எங்கிருந்து வந்தது என்பதைக் கலிபோர்ணியத் தொழில்நுட்பக் கழகத்தின் இரசாயன அறிஞர் ஆரி ஹாகன்-ஸ்மிட் 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் விளக்கினார். மோட்டார் வண்டிகளினின்றும் வெளிப்படும் எரியாத ஐதரோகாபன்களும் நைதரசனின் ஒட்சைட்டுகளும் சூரிய ஒளியிலே தாக்கமுற்று ஓசோனையும் பிற நச்சுப் பொருள்களையும் உண்டாக்குகின்றன என்று அவர் காட்டினார். அதன் பின்னர் வண்டிகளின் புகையைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் படிப்படியாக வந்தன. 1975ஆம் ஆண்டு மாதிரிகள் தொடக்கம் அமெரிக்கக் கார்களிலே, புகையைச் சுத்திகரிக்கும் ஊக்கிக்கலன் பெருவழக்காயிற்று.

ஆயின், தொழிற்சாலையிலிருந்து சுத்தமாக வெளிவந்த வண்டி, பத்து ஆண்டு கழித்தும் சுத்தமாக ஓடுகின்றதா என்பதை யார் பார்ப்பது? வண்டியே தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் விடை. கலிபோர்ணியா 1988ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து இதனை ஓரளவிற்குக் கட்டாயமாக்கியது. 1996ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அமெரிக்கா முழுவதும் விற்கப்படும் கார்களும் இலகுரக லொறிகளும் ஒரே முறையிலான தற்பரிசோதனை அமைப்பை உடையனவாயிருத்தல் வேண்டும் என விதிக்கப்பட்டது. அவ்வமைப்பை ஓ.பி.டி. இரண்டு என்பர். வெளியேறும் நச்சுப்புகை, விதித்த எல்லையின் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகப் பெருகக்கூடிய கோளாறு எதுவாயினும், விளக்கு எரிய வேண்டும் என்பது அதன் அடிப்படை. எனவே, இவ்விளக்கு முதன்மையாகப் புகையின் காவற்காரன். வண்டி நன்றாக ஓடுகின்றதே, பின் ஏன் விளக்கு எரிகின்றது என்று கேட்போருக்கு இதுவே மறுமொழி.

அடுத்து, விளக்கைக் கண்டவுடன் செய்ய வேண்டியது யாது? அது எரியும் விதத்தைக் கவனித்தலே.

அசையாது நின்று எரியும் மஞ்சள் விளக்காயின், பயணத்தை முடித்துவிட்டுச் சில நாளுள் ஆராயலாம். விட்டு விட்டு மின்னும் மஞ்சள் விளக்காயின், நிலைமை கடுமையானது. ஒரு சிலிண்டரிலோ பலவற்றிலோ தீப்பற்றல் தவறி, எரியாத பெற்றோல் புகைக்குழாய் வழியே சென்று ஊக்கிக்கலனுள் எரிகின்றது என்பது அதன் பொருள். அக்கலனுள் தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி இருக்கின்றது. அதன்மேற் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய விலைமிக்க உலோகங்கள் மெல்லப் பூசப்பட்டிருக்கின்றன. மிகை வெப்பத்தால் அக்கட்டி உருகிப் போகும். ஆகவே அக்சிலேற்றரிலிருந்து காலைத் தளர்த்தி, சுமையைக் குறைத்து, விரைவில் நிறுத்துவதே அறிவுடைமை. எண்ணெய் அமுக்கத்தையோ நீரின் வெப்பத்தையோ காட்டும் சிவப்பு விளக்கு இவற்றின் வேறானது. அது எரிந்தால் அந்த இடத்திலேயே இயந்திரத்தை அணைத்துவிட வேண்டும்.

இனி, விளக்கின் பின்னுள்ள செய்தியை வாசிப்போம். 1996ஆம் ஆண்டுக்குப் பிற்பட்ட அமெரிக்க வண்டிகளிலே, சாரதியின் முழங்காலுக்கு மேற்புறமாக, பலகையின் அடியில், பதினாறு முனைகள் கொண்ட ஒரு செருகுகுழி இருக்கும். கைக்கடக்கமான ஒரு வாசிப்புக் கருவியை அதிலே செருகினால், கணினி எழுதி வைத்துள்ள குறியீட்டு எண் தோன்றும். அதற்கு முந்திய வண்டிகளில் விளக்கே எண்களைச் சொல்லும். செவ்ரோலெற் பிக்கப் வண்டிகள் பலவற்றில், பரிசோதனைக் குழியின் குறித்த இரு முனைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்துத் திறப்பைத் திருப்பினால், விளக்கு ஒரு முறை மின்னிச் சற்றே நின்று பின் இரு முறை மின்னும். அது பன்னிரண்டு என்று பொருள். பரிசோதனை முறை இயங்குகின்றது என்பதற்கு அடையாளம். அதன் பின்னர்க் கோளாற்றின் எண்கள் வரும். பழைய டொயோட்டாக்களிலும் இதனை ஒத்த முறை உண்டு. முனை மாறி இணைத்தாற் கணினி பழுதுபடலாம் ஆதலால், அவ்வண்டிக்குரிய கைந்நூலைப் பாராது இதனைச் செய்தலாகாது.

ஓ.பி.டி. இரண்டு தரும் குறியீடு ஓர் ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கங்களும் கொண்டது. 'பி' என்று தொடங்கினால் இயந்திரமும் அதன் சக்தி செல்லும் வழியும் பற்றியது. அடுத்த இலக்கம் பூச்சியமாயின் எல்லா உற்பத்தியாளருக்கும் பொதுவான குறியீடு. ஒன்றாயின் அந்த உற்பத்தியாளருக்கே உரியது. அதற்கடுத்த இலக்கம் துறையைக் காட்டும். ஒன்றும் இரண்டும் எரிபொருளும் வளியும், மூன்று தீப்பற்றல், நான்கு புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள்.

குறியீட்டைக் கண்டவுடன் அழித்துவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. அது பெருந்தவறு. விளக்கு எரிந்த கணத்தில் இயந்திரம் எவ்வேகத்தில் ஓடியது, எவ்வளவு சூடாயிருந்தது, எவ்வளவு சுமை தாங்கியது என்னும் விபரங்களையும் கணினி ஒருங்கே பதிந்து வைத்திருக்கின்றது. குறியீட்டை அழித்தாலும், பற்றறியின் கம்பியைக் கழற்றினாலும், இவை யாவும் மறைந்துபோகும். முதலில் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

இனிச் சொல்லப்போவதே இப்பேச்சின் மையம். குறியீட்டு எண் பழுதான உறுப்பின் பெயரன்று. ஓர் அளவு எல்லை கடந்துவிட்டது என்னும் அறிக்கையே அது. நோயாளியின் உடற்சூடு நூற்று மூன்று பாகை என்று வெப்பமானி காட்டினால், காய்ச்சலுக்குக் காரணம் யாது என்பதை அது சொல்வதில்லை. வெப்பமானியை மாற்றுவதாற் காய்ச்சல் தீர்வதுமில்லை. இதனை ஓர் உண்மையான வண்டியை வைத்தே ஆராய்வோம்.

1997ஆம் ஆண்டு மாதிரி தொடக்கம் 2003ஆம் ஆண்டு வரை வந்த போர்ட் எப்-150 பிக்கப் வண்டிகள் அமெரிக்காவிலே இலட்சக்கணக்கில் விற்பனையாயின. அவற்றுட் பலவற்றில் 4.6 லீற்றர் அல்லது 5.4 லீற்றர் கொள்ளளவுள்ள எட்டுச் சிலிண்டர் இயந்திரம் இருந்தது. நான்கு சிலிண்டர்கள் வலப்புறமும் நான்கு இடப்புறமுமாக அமைந்தவை. இவ்வண்டிகள் முதுமை எய்தும்போது அடிக்கடி தோன்றும் குறியீடுகள் இரண்டு: பி 0171, பி 0174. முதலாவது, வலப்புறச் சிலிண்டர்களின் கலவையில் பெற்றோல் குறைவு, வளி மிகுதி என்கின்றது. இரண்டாவது, இடப்புறத்தைப் பற்றி அதனையே கூறுகின்றது.

கணினி இதனை எவ்வாறு அறிந்தது? பெற்றோல் செவ்வையாக எரிய, நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறக்குறைய 14.7 பங்கு வளி வேண்டும். உட்செல்லும் வளியை ஓர் உணரி அளக்கின்றது. அவ்வளவிற்கேற்பக் கணினி பெற்றோலைத் தெளிக்கின்றது. எரிந்து வெளியேறும் புகையிலே மிஞ்சிய ஒட்சிசனை, இருபுறப் புகைக்குழாய்களிலும் உள்ள ஒட்சிசன் உணரிகள் நோட்டமிடுகின்றன. அவை ஏறக்குறைய 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில் ஏறியிறங்கும். மின்னழுத்தம் தாழ்ந்தே இருந்தால் ஒட்சிசன் மிகுதி. உயர்ந்தே இருந்தாற் பெற்றோல் மிகுதி. ஒட்சிசன் மிகுதி என்று கண்டதும் கணினி பெற்றோலைச் சிறிது கூட்டித் திருத்துகின்றது. இத்திருத்தத்தின் அளவு நூற்றுவீதமாகக் கருவியிலே தெரியும். அது பத்துக்கு உட்பட்டு ஏறியிறங்குவது இயல்பு. இருபத்தைந்து வீதத்தை அண்மிக்கும்போது, இதற்குமேல் என்னால் ஈடுசெய்ய இயலாது என்று கணினி விளக்கை ஏற்றுகின்றது. பெரும்பாலான கோளாறுகளுக்கு ஒரே பயணத்திற் கண்டதை நம்பி அது விளக்கேற்றுவதில்லை. அடுத்த பயணத்திலும் அதனைக் கண்ட பின்னரே ஏற்றும்.

இக்குறியீடுகளைக் கண்ட பலர், ஒட்சிசன் உணரிகள் இரண்டையும் வாங்கி மாட்டுகின்றனர். சற்றுச் சிந்திப்போம். ஒன்றையொன்று சாராத இரண்டு சாட்சிகள், ஒரே வேளையில், ஒரே செய்தியைச் சொல்கின்றன. இருவரும் ஒருங்கே பொய் சொல்வது அரிதன்றோ? அவர்கள் உண்மையைச் சொல்கின்றனர் என்று கொள்வதே பொருத்தம். உண்மையாயின், இருபுறத்திற்கும் பொதுவான ஓரிடத்திலேதான் கோளாறு இருத்தல் வேண்டும். பி 0171 மாத்திரம் வந்திருப்பின் வலப்புறத்தை மட்டும் ஆராயலாம். இரண்டும் வந்தமையால், இருபுறமும் பங்கிடும் வளிப்பாதையையும் எரிபொருள் வழங்கலையும் ஆராய வேண்டும். காசு ஒன்றும் செலவின்றியே தேடும் இடம் பாதியாகக் குறுகிவிட்டது.

இப்போது காரணங்கள் மூன்றாகச் சுருங்குகின்றன. ஒன்று, வளியை அளக்கும் உணரிக்கு அப்பால் எங்கோ ஒரு வெடிப்பு இருந்து, அளக்கப்படாத வளி உள்ளே நுழைதல். இரண்டு, அவ்வுணரியின் மெல்லிய கம்பியிலே அழுக்குப் படிந்து, வரும் வளியைக் குறைத்துக் கணித்தல். மூன்று, பெற்றோல் பம்பு தளர்ந்தோ வடி அடைத்தோ போதிய பெற்றோல் வராமை. இம்மூன்றையும் பிரித்தறியும் வழி, திருத்த வீதத்தை இரண்டு நிலைகளிற் பார்ப்பதாகும். வண்டி நிற்க இயந்திரம் மெல்ல ஓடும்போது ஒரு முறையும், நிமிடத்திற்கு 2,500 சுற்றாக உயர்த்தி மறுமுறையும் பாருங்கள்.

மெல்ல ஓடும்போது உள்ளே செல்லும் மொத்த வளி சொற்பம். உட்கொள் குழாயின் உறிஞ்சலோ வலியது. ஆகவே வெடிப்பின் வழி வரும் வளி, மொத்தத்திற் பெரும் பங்காகும். வேகம் கூடியதும் மொத்த வளி பெருகுகின்றது. வெடிப்பின் பங்கு சுருங்குகின்றது. எடுத்துக்காட்டாக, மெல்ல ஓடுகையில் இருபத்திரண்டு வீதமாயிருந்த திருத்தம், சுற்று உயர்ந்ததும் ஆறு வீதமாய்க் குறையுமாயின், வெடிப்பைத் தேடுக. மாறாக, மெல்ல ஓடுகையில் இயல்பாயிருந்து, மேட்டில் ஏறும்போதும் சுமை இழுக்கும்போதும் திருத்தம் உயருமாயின், பெற்றோல் வழங்கலையோ வளி உணரியையோ ஐயுறுக.

மேற்சொன்ன எப்-150 வண்டிகளிலே, வெடிப்புக்குப் பெயர்போன இடம் ஒன்றுண்டு. முசலங்களின் ஓரமாகக் கசிந்து இயந்திரத்தின் அடிப்பகுதியில் சேரும் வாயுக்களை மீண்டும் உட்கொள் குழாய்க்குக் கொண்டுவரும் ஒரு குழாய் உள்ளது. பி.சி.வி. குழாய் என்பர். அது இயந்திரத்தின் பின்புறமாக உட்கொள் குழாயைச் சேருமிடத்தில் ஒரு வளைந்த ரப்பர் முழங்கை இருக்கின்றது. எண்ணெய்ப் பசையாலும் வெப்பத்தாலும் அந்த ரப்பர் காலப்போக்கில் நைந்து மென்மையாகி, உறிஞ்சலால் உட்குழிந்து, ஈற்றில் வெடிக்கின்றது. வெடிப்பு பெரும்பாலும் அடிப்பக்கத்திலே இருப்பதால் மேலிருந்து நோக்குவோர்க்குத் தென்படாது. இயந்திரம் ஆறிய பின் கையை விட்டுத் தடவிப் பார்த்தாற் புலப்படும். ஓடும்போது காதைக் கொடுத்தால் 'உஸ்' என்ற ஓசை கேட்பதும் உண்டு. நல்ல கராஜ்களில் உட்கொள் குழாயினுள் புகையைச் செலுத்தி, அது கசியும் இடத்தைக் காண்பார்கள். எரியக்கூடிய திரவத்தைத் தெளித்துப் பார்க்கும் பழக்கமும் உண்டு; சுடுகின்ற புகைக்குழாயின் அருகே அது தீவிபத்துக்கு இடமாகும். கையளவு ரப்பர் துண்டு ஒன்றை மாற்றித் தீர்க்க வேண்டிய குறைக்கு, விலைமிக்க உணரிகளை மாற்றிக்கொண்டிருப்பது எவ்வளவு வீண் செலவு!

இன்னொரு குறியீட்டைக் காண்போம். பி 0304 என்பது நான்காம் சிலிண்டரிலே தீப்பற்றல் தவறுகின்றது என்பதாகும். 5.4 லீற்றர் இயந்திரத்தில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு கொயில் அமர்ந்திருக்கின்றது. வலப்புற வரிசையில் முன்னிருந்து எண்ணினால் நான்காவது, கடைசியில் உள்ளது. கொயில் பழுதோ, பிளக் பழுதோ, அன்றிப் பெற்றோல் தெளிக்கும் முனை பழுதோ? நான்காவதன் கொயிலை இரண்டாவதற்கும், இரண்டாவதன் கொயிலை நான்காவதற்கும் மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். குறியீடு பி 0302 ஆக மாறுமாயின், குற்றம் கொயிலுடன் இடம்பெயர்ந்துவிட்டது, கொயிலே குற்றவாளி. பி 0304 ஆகவே நிற்குமாயின், கொயில் நிரபராதி. பிளக்கையும் பிறவற்றையும் பார்க்க வேண்டும். பிளக் அமரும் குழியில் நீர் தேங்கியிருக்கின்றதா என்பதையும் பார்த்தல் நன்று. இயந்திரத்தை நீர் பாய்ச்சிக் கழுவிய பின்னர் இக்கோளாறு வருவதுண்டு.

மற்றுஞ் சில குறியீடுகளைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். பி 0455, பெற்றோல் ஆவி பெருமளவில் கசிகின்றது என்பது. முதலிற் பெற்றோல் தாங்கியின் மூடியை நோக்குக. சரியாக இறுக்காமையோ, அதன் ரப்பர் வளையம் வெடித்தமையோ காரணமாகலாம். பி 0128, இயந்திரம் உரிய சூட்டை எய்தவில்லை என்பது. திறந்தபடியே சிக்கிய தெர்மோஸ்ராற்று பெரும்பாலும் காரணம். பி 0420, ஊக்கிக்கலன் தன் வேலையைச் செவ்வனே செய்யவில்லை என்பது. இக்கலன் விலைமிக்கது. அதனை மாற்றுமுன், புகைக்குழாயில் வெடிப்பு உண்டா, தீப்பற்றல் தவறுகின்றதா, இயந்திரம் எண்ணெயைக் குடிக்கின்றதா என்பவற்றை ஆராய்தல் வேண்டும். பழைய கலனைக் கெடுத்த காரணம் எஞ்சியிருந்தால், புதிய கலனையும் அது கெடுத்துவிடும்.

திருத்தம் செய்தாயிற்று. அது வெற்றி பெற்றதா என்று அறிவது எப்படி? விளக்கு அணைந்தது ஒன்றே சான்றாகாது. கருவியால் யாரும் அதனை அணைக்கலாம். முன்னர்ப் பார்த்த திருத்த வீதத்தை மீண்டும் பாருங்கள். இருபத்திரண்டு, மூன்றாகவோ நான்காகவோ இறங்கியிருந்தால் அதுவே மெய்யான சான்று. குறியீட்டை அழிக்காமலே விட்டாலும், தொடர்ந்து மூன்று பயணங்களிற் கோளாறு காணப்படாவிடின் கணினி விளக்கைத் தானே அணைக்கும். பின்னர், இயந்திரம் நாற்பது முறை சூடேறி ஓடிய பின் குறியீட்டையும் தானே அழித்துவிடும். அழித்த உடனே புகைப் பரிசோதனைக்குச் செல்வோர் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். கணினியின் உட்சோதனைகள் இன்னும் முடியவில்லை என்பது பரிசோதகரின் கருவியிலே தெரிந்துவிடும்.

நம் நாட்டிலும் இம்முறை பயன்படுமா என்று நேயர்கள் கேட்கலாம். இங்கே ஓடும் பிக்கப் வண்டிகளுட் பல டீசலில் ஓடுபவை. ஜப்பானிலிருந்து வந்தவையும் பல. ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கெனச் செய்த பழைய வண்டிகளில் செருகுகுழி ஒன்றாய்த் தோன்றினாலும், கணினி பேசும் முறை வேறாயிருக்கக் கூடும். அதற்கேற்ற கருவி வேண்டும். டீசல் இயந்திரத்தின் குறியீடுகளும் அவற்றின் காரணங்களும் வேறு. ஆயினும், எழுதிக்கொள்வது, சாட்சிகளை ஒப்பிடுவது, பொதுக் காரணத்தைத் தேடுவது, ஒன்றை மாற்றிப் பூட்டிச் சோதிப்பது, செலவில்லாத சோதனையை முதலிற் செய்வது என்னும் முறை எந்த வண்டிக்கும் பொருந்தும்.

பழைய வண்டி வாங்க விரும்புவோர்க்கும் ஒரு சொல். திறப்பைத் திருப்பியதும், இயந்திரம் தொடங்குமுன், இம்மஞ்சள் விளக்கு எரிய வேண்டும். தொடங்கியதும் அணைய வேண்டும். அதுவே முறை. திறப்பைத் திருப்பியும் விளக்கு எரியவில்லையாயின் மகிழ வேண்டா. அதன் குமிழ் பழுதாகியிருக்கலாம். அன்றி விற்பவர் அதனைக் கழற்றியிருக்கவும் கூடும். எரிய வேண்டிய வேளையில் எரியாத விளக்கு, எரிகின்ற விளக்கிலும் ஐயத்திற்குரியது.

கராஜுக்குச் செல்லும்போது, "விளக்கு எரிகின்றது, திருத்தித் தாருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். குறியீட்டு எண், அது தோன்றிய வேளையில் வண்டி ஓடிய நிலை, மெல்ல ஓடும்போதும் விரைந்து ஓடும்போதும் கண்ட வேறுபாடு ஆகியவற்றை எழுதிய தாளை மெக்கானிக்கின் கையிற் கொடுங்கள். எந்த உறுப்பை மாற்றச் சொன்னாலும், எந்தச் சோதனையால் அம்முடிவுக்கு வந்தீர்கள் என்று பணிவுடன் கேளுங்கள். நல்ல தொழிலாளி அக்கேள்வியை விரும்புவார், விளக்கமும் தருவார். அவ்வாறு கேட்கப் பழகிய சொந்தக்காரரின் பழைய வண்டி, இன்னும் பல ஆண்டு அவருக்கு உழைக்கும்.